"ஃபோர்க் போச்சு, மாத்திடுங்க" என்று சொல்பவர்களுக்கு



போன வாரம் நான் போட்ட ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று நினைக்கவில்லை. வாசலில் பழைய செய்தித்தாள் விரித்து, பேரனுடைய மவுண்டன் பைக்கின் முன் ஃபோர்க்கைப் பிரித்துப் போட்டு, இரண்டு கையிலும் கிரீஸோடு நான் உட்கார்ந்திருந்த படம். லைக் போட்டவர்களுக்கு நன்றி. ஆனால் கீழே வந்த கமென்டுகளைப் படித்தபோது இரண்டு நாள் எனக்கு மனசே ஆறவில்லை.

"இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்" என்று ஒருவன். அவன் 1994-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இன்று பொறியாளர். "சார், சஸ்பென்ஷனை வீட்ல பிரிக்கவே கூடாது, அது கம்பெனி ஐட்டம்" என்று இன்னொருவன். "மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புதுசே வாங்கிக் குடுத்திருப்பனுங்களே, தெருவுல உக்காந்து இப்படிப் பண்ணோணுமுங்களா" என்று மருமகன் போனில். அவர் பாசத்தில் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் இந்த மூன்று பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் படியுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேரன் ஒன்பதாம் வகுப்பு. சனிக்கிழமை காலையில் நண்பர்களோடு மலையடிவாரத்து மண் பாதைகளில் இரண்டு மணி நேரம் ஓட்டுவான். வண்டி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, 22,000 ரூபாய். கொஞ்ச நாளாக முன்பக்கம் குதித்தால் அமுங்கவே இல்லை, கை வலிக்கிறது என்றான். ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்து உடம்பு எடையைப் போட்டு அழுத்திப் பார்த்தேன். கல்தூண் மாதிரி நின்றது. இன்னும் கொஞ்சம் பலம் போட்டால் "கிர்ர்ர்" என்று ஒரு அங்குலம் இறங்கி, திரும்ப மேலே வர யோசித்தது.

வாங்கிய கடைக்கே கொண்டு போனோம். பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். கடைக்காரர் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "சஸ்பென்ஷன் ஜாம் ஆயிருச்சுங்க. இதுக்கெல்லாம் சர்வீஸ் வராது. ஃபோர்க் மாத்தோணும், 4,500 ஆகும், லேபர் தனி." அவ்வளவுதான். வண்டியைச் சாய்த்துக்கூடப் பார்க்கவில்லை. சாய்த்திருந்தால் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு போல்ட் இருப்பது தெரிந்திருக்கும். கழற்றுவதற்காகத்தானே அந்தப் போல்ட்டை அங்கே வைத்திருக்கிறான்? கழற்றவே கூடாது என்றால் தயாரித்தவன் பற்றவைத்து மூடியிருப்பானே?

வீட்டுக்கு வந்து முன் சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் காலிப்பரை அவிழ்த்து ஒரு கயிற்றில் தொங்கவிட்டோம். அடியிலிருந்த இரண்டு போல்ட்டையும் நாலைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் ரப்பர் சுத்தியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினோம். உள்ளே பிடித்திருந்தது விட்டது. பிறகு போல்ட்டை முழுசாக எடுத்துவிட்டு, கீழ்ப்பாகத்தைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிட்டது. கூடவே இரண்டு ஸ்பூன் பழுப்புத் தண்ணீர் செய்தித்தாளில் கொட்டியது. உள்ளே செம்மண்ணும் பழைய கிரீஸும் கலந்து, அரைத்து வைத்த மருதாணி மாதிரி அப்பியிருந்தது. ஸ்பிரிங்கில் மேலாக ஒரு துரு. வேறு ஒன்றும் இல்லை. எதுவும் உடையவில்லை, வளையவில்லை, தேயவில்லை.

பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தோம். நான் பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்புச்சி, அது சீல் ரப்பருக்கு ஆகாதுங்க. ஆல்கஹால்தான் போடோணும்." எப்படித் தெரியும் என்றால், தயாரிப்பாளரின் கையேட்டை முந்தின இரவே செல்போனில் இறக்கிப் படித்திருக்கிறான். மருந்துக்கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி வந்து துடைத்தோம். ஃபோர்க்குக்கென்றே விற்கிற கிரீஸை உள்ளே, சீலின் உதட்டில், ஸ்பிரிங்கின் மேல் தடவினோம். திரும்பப் பூட்டினோம். முதல் தடவை என்பதால் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. செலவு, கிரீஸ் டப்பாவும் ஆல்கஹாலும் சேர்த்து 600 ரூபாய்க்குள். கிரீஸ் டப்பாவில் இன்னும் முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது.

இப்போது அழுத்தினால் தண்ணீரில் இறங்குவது மாதிரி இறங்கி ஏறுகிறது. 4,500 ரூபாய்க்கு "செத்துப்போனது" என்று சொல்லப்பட்ட ஃபோர்க் இதுதான்.

இதில் ஏன் எனக்குக் கோபம் என்று கேட்பீர்கள். 4,500 ரூபாய்க்காக இல்லை. அந்தக் கடையில் அந்தப் பையன் தலையாட்டியதைப் பார்த்தேன். "ஓ, போச்சா" என்று ஒரு தலையாட்டல். ஏன் போச்சு, உள்ளே என்ன இருக்கிறது, யாராவது பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி அவனுக்கு வரவில்லை. வராமல் வளர்த்தது யார்? அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபோர்க் என்பது என்ன மாயம்? சைக்கிள் பம்ப்பைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு குழாய்க்குள் இன்னொன்று போய்வருகிறது. இதுவும் அதேதான், இரண்டு ஜோடி. மேலேயிருந்து வரும் பளபளப்பான குழாய் கீழே இருக்கும் தடித்த காலுக்குள் இறங்கி ஏறுகிறது. இரண்டும் சேரும் வாயில் ஒரு ரப்பர் சீல், தூசியையும் தண்ணீரையும் வழித்துத் தள்ளுவதற்கு. விலை குறைந்த ஃபோர்க்கில் உள்ளே இரும்பு ஸ்பிரிங், கிரீஸ். விலை கூடியதில் ஒரு காலில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்த காற்று, மறு காலில் துள்ளலை அடக்கும் டாம்பர், அடியில் வழுக்கலுக்குக் கொஞ்சம் எண்ணெய், சீலுக்குக் கீழே அந்த எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு ஸ்பாஞ்சு வளையம். அந்தச் சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொஞ்சம் தூசி உள்ளே போகத்தான் செய்யும். உள்ளே போன தூசி எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது. நாம் பார்க்காமல் விட்ட ஒவ்வொரு மாதமும் அந்தப் பளபளப்புக் குழாயில் கோடாக விழுகிறது. மேல்பூச்சு போனால் அது திரும்ப வராது. அப்போது கடைக்காரர் "மாத்தோணும்" என்று சொன்னால் அது உண்மை. நாம்தான் அவர் சொன்ன பொய்யை உண்மையாக்கியிருப்போம்.

ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் கையேட்டில் கீழ்க்காலைக் கழற்றி எண்ணெய் மாற்ற 50 மணி நேரம் என்று போட்டிருக்கிறான். ஃபாக்ஸ் நிறுவனம் முழு சர்வீஸுக்கு 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. இப்போது ஒரு கணக்கு. வாரம் 2 மணி நேரம் ஓட்டுகிற பையனுக்கு 50 மணி நேரம் எத்தனை வாரம்? 25. அதாவது ஆறு மாதம். இரண்டு வருடம் தொடாத வண்டிக்கு நாலு தடவை பாக்கி. பள்ளிக்கட்டணம் நாலு தவணை பாக்கி வைத்தால் சும்மா இருப்பார்களா?

கழற்றுவது இருக்கட்டும். அதற்கு முன்னால் நாம் செய்கிற பாவங்களைச் சொல்கிறேன். மண்ணாகிவிட்டது என்று வண்டியை வாட்டர் சர்வீஸ் போடும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். லாரி டயரில் ஒட்டிய சேற்றைப் பெயர்க்கிற அழுத்தத்தில் அவர் அந்தச் சீலின் உதட்டைக் குறிவைத்து அடிக்கிறார். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. நான் கொட்டிய இரண்டு ஸ்பூன் பழுப்புத் தண்ணீர் மழையில் போனது என்று நினைத்தேன். பேரனைக் கேட்டால், மாதம் ஒருதரம் அப்பா வண்டியோடு சேர்த்து வாட்டர் வாஷ் விட்டார்களாம். ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் போதாதா?

அடுத்தது, கிறீச்சென்றால் உடனே டபிள்யூடி-40 அடிப்பது. அது வேண்டாத பொருள் என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் ஒரு டப்பா உண்டு. அதன் பெயரே ஈரத்தை விரட்டுவது என்ற பொருளில் வைத்ததுதான். துருப்பிடித்த நட்டுக்கு அடியுங்கள். ஃபோர்க் குழாயில் அடித்தால் சீலில் இருக்கிற கிரீஸைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இரண்டு நாள் வழவழப்பாக இருக்கும், மூன்றாம் வாரம் முன்னைவிட மோசம்.

மூன்றாவதைச் சொன்னால் என் மனைவி கோபித்துக்கொள்வாள், சொல்லித்தான் ஆக வேண்டும். ஆயுத பூஜைக்கு அந்தப் பளபளப்புக் குழாயின் மேலேயே சந்தனம் அப்பி, அதற்கு மேல் குங்குமம். காய்ந்ததும் அது தூள். அடுத்த பள்ளத்தில் நேராகச் சீலுக்குள். பொட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹேண்டில் பாரில் வையுங்கள். வருடம் முழுக்க ஒரு துணி போட்டுத் துடைக்காத கருவிக்கு ஒரு நாள் பூ வைத்துக் கும்பிட்டால் சரஸ்வதி ஏற்றுக்கொள்வாளா என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு தடவை ஓட்டி வந்ததும் செய்ய வேண்டியது இரண்டே நிமிட வேலை. காய்ந்த மெல்லிய துணியால் அந்தக் குழாய் இரண்டையும், குறிப்பாகச் சீலுக்கு மேலே சேரும் மண் வளையத்தையும் துடையுங்கள். விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கீறல் தட்டுகிறதா. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், "டக்" என்று தட்டுகிறதா. தட்டினால் அது பெரும்பாலும் ஹேண்டிலுக்கு அடியில் இருக்கும் ஹெட்செட் தளர்ந்தது. அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டு ஆட்டினால் தெரிந்துவிடும். அங்கே ஆட்டம் இல்லாமல் சீல் பக்கம் ஆடினால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது, அது கடை வேலை.

"சார், உங்க பேரன் வண்டி சாதா ஃபோர்க். என்னுது ஏர் ஃபோர்க், அதெல்லாம் தொட முடியாது" என்று பெங்களூரிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். தம்பி, உன்னைப் போலவே பெங்களூரில் வேலை பார்க்கும் உன் செட்டுக்காரன் ஒருவன் பொங்கலுக்கு வந்தபோது வண்டியையும் காரில் கட்டிக்கொண்டு வந்தான். லட்சம் ரூபாய்க்கு மேல் போன வண்டி. "முன்பக்கம் கரகரங்குது சார், சர்வீஸ் சென்டர்ல ரெண்டு வாரம் வெயிட்டிங்" என்றான். வா, உட்காரு என்றேன்.

ஏர் ஃபோர்க்கில் கூடுதலாக இருப்பது ஒரு கவனம். உள்ளே அழுத்தத்தில் காற்று இருக்கிறது. அதை முழுசாக விடாமல் எந்த போல்ட்டையும் தொடக்கூடாது. முதலில் எவ்வளவு காற்று இருந்தது என்று அளந்து எழுதிவைத்துக்கொண்டோம். வால்வை மெதுவாக அழுத்தி, ஃபோர்க்கை இரண்டு மூன்று தடவை அமுக்கி, சத்தம் நிற்கும்வரை விட்டோம். அடியில் இருக்கும் ரீபவுண்டு திருகைக் கழற்றினோம். அப்புறம் அதே வேலைதான்: இரண்டு போல்ட், தளர்த்தல், ஒரு தட்டு, உருவல். கீழே தட்டு வைத்திருந்தோம். ஒரு காலிலிருந்து கறுப்பாக நாலு சொட்டு. மறு காலில் அதுவும் இல்லை. லட்சம் ரூபாய் வண்டி எண்ணெய் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அவன் டயரைச் சந்தேகப்பட்டு டயர் மாற்றியிருக்கிறான்.

துடைத்தோம். ஸ்பாஞ்சு வளையத்தை எண்ணெயில் ஊற வைத்தோம். புது எண்ணெய் எவ்வளவு, எந்த வகை என்பது ஒவ்வொரு மாடலுக்கும், சிலவற்றில் இரண்டு காலுக்குமே வேறு வேறு. கையேட்டில் அட்டவணை இருக்கிறது. மில்லிலிட்டர் கணக்கு. குழந்தைக்கு மருந்து ஊட்டும் சிரிஞ்சில் அளந்து ஊற்றினோம். போல்ட்டை முறுக்கும்போது அவன் முழுப் பலத்தையும் போடப் பார்த்தான். தடுத்தேன். அந்தக் கால் பெரும்பாலும் மக்னீசியக் கலவை, அடியில் இருக்கும் போல்ட்டுக்கு ஏறக்குறைய 7 நியூட்டன் மீட்டர்தான். கையேட்டில் உள்ள அளவை டார்க் ரெஞ்சில் வைத்து, அது "டிக்" என்றதும் நிறுத்த வேண்டும். மரை போய்விட்டால் அந்த இடத்தில் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

காற்று அடிக்க ஷாக் பம்ப் என்று தனியாக ஒன்று விற்கிறது. பெட்ரோல் பங்க் ஏர் குழாயைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் இடம் சின்னது, ஒரு நொடியில் எங்கேயோ போய்விடும். எவ்வளவு அடிப்பது என்பதற்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. வண்டியில் நீங்கள் ஏறி அசையாமல் உட்கார்ந்தால் ஃபோர்க் தன் முழுப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அமுங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் ஃபோர்க் என்றால் 20 மில்லிமீட்டர். குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி உட்கார்ந்து, மெதுவாக இறங்கி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். அதிகம் அமுங்கினால் காற்று போதாது, கம்மி என்றால் அதிகம். கரடுமுரடான இறக்கத்தில் ஓட்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் அமுங்க விடுவார்கள். ஸ்கேலும் பின்னமும் ஐந்தாம் வகுப்புப் பாடம். "ஃபோர்க் சரியில்லை" என்று வண்டியை விற்றவர்களில் எத்தனை பேர் இதை ஒருதரம் அளந்து பார்த்தார்கள்?

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். நியாயமானவை இருக்கின்றன.

கையேட்டில் "தகுதியுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்" என்றும் எழுதியிருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். எழுதியிருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் அதே நிறுவனம் எந்த போல்ட்டை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படம் போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகவும் வைத்திருக்கிறது. அந்த வரியை நான் படிப்பது இப்படி: தெரியாதவன் தொடாதே, தெரிந்துகொண்டு தொடு. வாரண்டி இருக்கிற வரைக்கும் அதன் நிபந்தனையைப் படித்துவிட்டுத் தொடுங்கள், அது உங்கள் பணம்.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. என் தவறையே சொல்கிறேன். பேரன் வண்டியில் பிரேக் டிஸ்க்கை மூடாமல் வேலை செய்தேன். கிரீஸ் விரலால் அதை எங்கேயோ தொட்டிருக்கிறேன். வாசலில் ஓட்டிப் பார்த்தால் முன் பிரேக் அலறுகிறது, பிடிக்கவில்லை. டிஸ்க்கை ஆல்கஹாலில் துடைத்து, பேடைப் புதுசாக மாற்ற வேண்டியதாயிற்று. 300 ரூபாய் போயிற்று. சாலைக்கு விடுவதற்கு முன்னால் தெருவில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்து, போல்ட்டெல்லாம் மறுபடி தொட்டுப் பார்த்ததால் 300-ஓடு போயிற்று. டிஸ்க்கை முதலில் ஒரு பிளாஸ்டிக் கவரால் கட்டிவிடுங்கள். டாம்பர் கார்ட்ரிட்ஜை நான் பிரிக்க மாட்டேன், நீங்களும் பிரிக்காதீர்கள். அதற்குத் தனி கருவிகள் வேண்டும். மேலே இரண்டு காலையும் சேர்க்கும் இடத்தில் விரிசல், ஆழமான கீறல், ஒரு கால் வளைந்திருப்பது, இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் ஓட்டுவதையே நிறுத்திவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள். அங்கே பணத்தைப் பார்க்காதீர்கள்.

"எல்லாரும் வீட்டிலேயே செய்தால் மெக்கானிக் பிழைப்பு?" இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கைக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு முதலில் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே ஒரு சைக்கிள் கடைக்காரர்தான். ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் 11 கிலோமீட்டர் அட்லஸ் சைக்கிளில் போய்வருவேன். வருடம் ஒரு ஓவர்ஹால். பால்ரஸ் குண்டுகளைத் தட்டில் கொட்டி எண்ண வைத்தவர் அவர். "வாத்தியாரே, ஒண்ணு கொறஞ்சாலும் சக்கரம் ஆடுமுங்க" என்பார். நான் கற்றுக்கொண்டதால் அவர் தொழில் குறையவில்லை. என்னால் முடியாத வேலையோடு அவரிடம் போனேன், அவர் செய்த வேலையின் அருமை தெரிந்து கூலி கொடுத்தேன். ஒன்றும் தெரியாத வாடிக்கையாளர்தான் மெக்கானிக்கைக் கெடுக்கிறார். கழற்றிப் பார்க்காமலே "மாத்தோணும்" என்று சொல்லிப் பிழைக்க முடியும் என்றால், எவன் கையை அழுக்காக்குவான்?

இது வெளிநாட்டு விளையாட்டு, நமக்கெதுக்கு என்று ஒரு உறவினர். விளையாட்டு பிறந்த கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், மரின் கவுண்டியில் டாமல்பாயஸ் என்று ஒரு மலை. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் பழைய தடித்த ஸ்வின் சைக்கிள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து மண் பாதையில் மேலிருந்து கீழே ஓட்டினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக், சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இருக்கும். ஒரு தடவை இறங்குவதற்குள் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். அடுத்த தடவை இறங்க வேண்டும் என்றால் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ரீபேக். 1976 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கும், அது நடந்த பாதைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கிரீஸ் அடைக்கிற வேலையின் பெயர்தான் இந்த விளையாட்டின் முதல் புகழ்பெற்ற பந்தயத்தின் பெயர். அந்த வண்டிகளில் சஸ்பென்ஷன் ஃபோர்க் கிடையாது. 1989-இல் ராக்‌ஷாக்ஸைத் தொடங்கிய பால் டர்னர் மோட்டார் சைக்கிள் பக்கமிருந்து வந்தவர். அவர் கொண்டுவந்த முதல் ஃபோர்க் ஏறக்குறைய 2 அங்குலம்தான் அமுங்கும். 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு இறக்கப் பந்தயத்தை ஜெயித்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. இவர்கள் யாரும் "கம்பெனி ஐட்டம், தொடாதே" என்று உட்கார்ந்திருந்தால் உங்கள் பிள்ளை இன்று ஓட்டுகிற வண்டியே இருக்காது.

பிள்ளைகளுக்குக் கேள்வி வராமல் வளர்த்தது யார் என்று மேலே கேட்டேன். பதிலில் முதல் பெயர் என்னுடையது.

1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. அதில் தொடக்கப்பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி, கூடவே சின்ன டூல் கிட் ஒன்று. நான் வேலை பார்த்த பள்ளிக்கும் வந்தது. சுத்தி, ஸ்குரூ டிரைவர், குறடு எல்லாம் எண்ணெய் வாசனையோடு புதுசாக இருந்தன. இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் ஒன்று குறையாமல் காட்ட வேண்டுமே! குழந்தைகள் தொலைத்துவிட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்களே! ஒரு பையன் தினமும் பீரோ கண்ணாடி வழியே பார்ப்பான். "சார், ஒருக்கா தொட்டுப் பாக்கட்டுங்களா?" தொடாதே என்றேன். பல வருடம் கழித்து நான் மாறுதலாகிப் போகும்போது அந்தக் கருவிகளை அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைத்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்றின் மேல்கூட ஒரு கீறல் இல்லை. அதை அன்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பையன் இதைப் படிப்பான். என் நட்பு வட்டத்தில்தான் இருக்கிறான். நல்ல நிலையில் இருக்கிறான், அது அவன் சாமர்த்தியம், அதில் எனக்குப் பங்கில்லை. தம்பி, அன்று சாவியை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு குறடு தொலைந்தால் தொலைந்துபோகட்டும் என்றிருக்க வேண்டும்.

எனவே "இந்த வயசுல எதுக்கு சார்" என்று கேட்டவனுக்கு: இந்த வயதில் கிடைத்த நேரத்தில்தான்டா செய்ய முடிகிறது. மருமகனுக்கு: மாப்பிள்ளை, தெருவில் உட்கார்ந்தது வெளிச்சத்துக்காக. அடுத்த வீட்டுப் பையன் இரண்டு பேர் வந்து அரை மணி நேரம் குந்தியிருந்து பார்த்தார்கள், அதில் ஒருவன் இரண்டாவது போல்ட்டைக் கழற்றினான். புது ஃபோர்க்குக்கு வைத்திருக்கும் பணத்தில் பேரனுக்கு ஒரு ஆலன் கீ செட்டும், ஒரு ரப்பர் சுத்தியும், சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். மிச்சம் இருந்தால் எனக்கு ஒரு பனியன் வேஸ்ட் மூட்டை.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு எங்கள் வாசலில் அடுத்த வண்டி. எதிர்வீட்டுப் பெண்ணுடையது, மூன்று வருடமாகத் தொடாதது. உள்ளூரில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் வந்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சட்டை வேண்டாம். வண்டி மாடல் என்ன என்று முன்னாலேயே பார்த்து, அதன் கையேட்டைப் போனில் இறக்கிக்கொண்டு வாருங்கள். காலையில் அம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவதாகச் சொல்லியிருக்கிறார்.